அதிர்வைப் பொறுக்காத கட்டடங்கள்

போக்குவரத்தால் தரைக்குள் பரவும் அதிர்வைக் குறைப்பது எப்படி என்று ஆராயப் புகுவோர், எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு அதிர்வு மிகுதி என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏனெனில் பழங்காலக் கோயிலும், இசையரங்கும், மின்னணு நுண்ணோக்கி வைத்த ஆய்வுக்கூடமும் அதிர்வைப் பொறுக்காத கட்டடங்கள் என்ற ஒரே வகையில் அடங்கினாலும், அவை தாங்கிக்கொள்ளும் அளவுகள் ஒன்றுக்கொன்று ஆயிரம் மடங்கு வரை வேறுபடுகின்றன. இந்த அளவைக் கூறப் பொறியாளர்கள் பெரும்பாலும் கையாள்வது உச்சத் துகள் வேகம் என்பதாகும். அதிர்வு கடந்து செல்லும்போது மண்ணிலோ சுவரிலோ உள்ள ஒரு துகள் தன் இருப்பிடத்தை விட்டு அகலாமல் அங்கேயே ஆடுகிறது. அந்த ஆட்டத்தில் அது எட்டும் மிகுதியான வேகமே உச்சத் துகள் வேகம், அது வினாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று குறிக்கப்படுகிறது. அலை மண்ணின் ஊடே பயணம் செய்யும் வேகம் இதனின் முற்றிலும் வேறானது. அது வினாடிக்கு நூறு, இருநூறு மீட்டர் என்ற அளவில் இருக்கும்.

ஜெர்மனியின் டிஐஎன் 4150 என்னும் தரவரையின் 3ஆம் பகுதி, தொன்மையும் நொய்ம்மையும் கொண்ட கட்டடங்களின் அடித்தளத்தில், 10 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வெண்ணில், சிறிது நேரமே நீடிக்கும் அதிர்வுக்கு வினாடிக்கு 3 மில்லிமீட்டர் என்றும், நீடித்து வரும் அதிர்வுக்கு மேல்தளத்தின் கிடைமட்ட ஆட்டத்தில் 2.5 மில்லிமீட்டர் என்றும் வழிகாட்டு மதிப்புகளைத் தருகிறது. சாதாரணக் குடியிருப்புகளுக்கு அவை 5 மில்லிமீட்டராக உயர்கின்றன. மனித உடலோ அசைவின்றி அமர்ந்திருக்கும் நிலையில் 0.15 முதல் 0.3 மில்லிமீட்டர் அளவிலேயே அதிர்வை உணரத் தொடங்கிவிடுகிறது. நுண்கருவிகளுக்கென 1980களின் தொடக்கத்தில் எரிக் உங்கர், காலின் கோர்டன் ஆகிய இருவரும் அமெரிக்காவில் வகுத்த வரைகோடுகளில் மிகக் கண்டிப்பானவற்றுள் ஒன்று, வினாடிக்கு ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டருக்கு மேல் தளம் ஆடக் கூடாது என்கிறது. அளவிடும் முறை இம்மூன்றிலும் சற்று வேறுபட்டாலும், இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் ஓர் உண்மை புலப்படுகிறது: மனிதனின் உணர்வு இரு பக்கமும் தவறான நடுவர். சுவரில் விரிசல் காணும் அளவுக்கு வெகு கீழேயே வீட்டில் இருப்பவர் அதிர்வை உணர்ந்து அஞ்சுகிறார். எவரும் எதையும் உணராத அறையில் நுண்ணோக்கியின் படம் கலங்கிப்போகிறது.

ஆகவே, அதிர்வைப் பற்றிய முறையீடுகளில் பெரும்பாலானவை இடிந்துவிடும் கட்டடத்தைப் பற்றியவை அல்ல. கல்லும் சுண்ணமும் சேர்ந்த சுவர் தாங்கிக்கொள்ளும். அதன்மேல் பூசப்பட்டு நானூறு, ஐந்நூறு ஆண்டுகளில் சுவரைவிட்டுச் சற்றே விலகிவிட்ட ஓவியப் பூச்சுக்குத்தான் கேடு. இந்த வேறுபாட்டை மறந்து, கட்டடம் இடியுமா இடியாதா என்ற ஒரே கேள்வியோடு அளவீடு செய்பவர்கள், இடியாது என்ற சரியான விடையைக் கூறிவிட்டுச் சிக்கலைத் தொடாமலே சென்றுவிடுகிறார்கள்.

எந்த அளவு மிகுதி என்பது தெரிந்தபின் எழும் கேள்வி, அதிர்வை எங்கே தடுப்பது என்பது. சக்கரம் பாதையைத் தொடும் இடம், அலை கடக்கும் மண், கட்டடத்தின் அடித்தளம் ஆகிய மூன்று இடங்களில் தடுக்கலாம். பாடநூல்கள் இம்மூன்றையும் சமமான மாற்றுவழிகளைப் போல வரிசைப்படுத்துவது வழக்கம். உண்மையில் அவை சமமானவை அல்ல. சக்கரத்திலிருந்து விலகும் ஒவ்வோர் அடிக்கும் தடுப்பின் செலவு ஏறுகிறது, பயன் குறைகிறது என்பதே இத்துறையின் நூறாண்டு அனுபவம் காட்டுவது. ஆனால் நகர நிர்வாகங்கள் முதலில் நாடுவது பெரும்பாலும் நடுவில் உள்ள மண்ணைத்தான்.

சக்கரம் முழு வட்டமாகவும் பாதை முழுச் சமமாகவும் இருந்தால், ஓடும் வாகனம் தன் எடையால் தரையைச் சிறிதளவு அமுக்கிக்கொண்டே செல்லும். அந்த அமுக்கம் வாகனத்தோடு கூடவே நகர்ந்து, சில மீட்டர் தொலைவுக்குள் அடங்கிவிடும். தொலைவுக்குப் பரவும் அலையை உண்டாக்குவது மேடுபள்ளமே. பாரம் ஏற்றிய லாரியின் உடல் தன் பட்டைவில்களின்மேல் வினாடிக்கு 1 முதல் 3 முறை மேலும் கீழும் ஆடுகிறது. அச்சும் சக்கரமும் சேர்ந்த பகுதி, மேலே வில்லுக்கும் கீழே டயருக்கும் இடையில் சிக்கி, 10 முதல் 15 முறை துள்ளுகிறது. தரைக்குள் பெருமளவில் செல்வது இரண்டாவது ஆட்டம். வீடுகளின் தளங்கள் தட்டிவிட்டால் தாமாகவே ஆடும் வேகமும், அதாவது அவற்றின் இயல்பு அதிர்வெண்ணும், பெரும்பாலும் இதன் அருகிலேயே அமைந்திருப்பது ஒரு கெடுவாய்ப்பு. வரும் அதிர்வின் எண்ணும் தளத்தின் எண்ணும் ஒன்றும்போது ஆட்டம் பன்மடங்காகிறது, இதையே ஒத்ததிர்வு என்பர்.

பிரிட்டனின் போக்குவரத்து, சாலை ஆய்வுக்கூடத்தில் ஜி. ஆர். வாட்ஸ் 1990இல் வெளியிட்ட அறிக்கை ஓர் எளிய வாய்பாட்டைத் தந்தது. அதன்படி, அடித்தளத்தில் எதிர்பார்க்கத்தக்க உச்சத் துகள் வேகம், சாலையில் உள்ள மேட்டின் உயரத்துக்கும் வாகனத்தின் வேகத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கிறது. தொலைவும் மண்வகையும் அதை மாற்றுகின்றன. மண்வகைக் காரணியை 1 என்று கொண்டால், 20 மில்லிமீட்டர் உயரமுள்ள ஓர் ஒட்டின்மேல் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் கனரக வாகனம் ஏறிச் செல்லும்போது, 6 மீட்டர் தொலைவில் எழுவது வினாடிக்கு 0.56 மில்லிமீட்டர். அது உடலால் நன்கு உணரத்தக்க அளவு. மேட்டை 5 மில்லிமீட்டராகச் சீவிவிட்டால் அது 0.14 ஆகி, உணர்வின் எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். வேகத்தைப் பாதியாக்குவதால் கிடைப்பது பாதிப் பயனே. சாலையைச் சமப்படுத்துவதால் கிடைப்பது நான்கில் மூன்று பங்குப் பயன், அதுவும் போக்குவரத்தின் ஓட்டத்தைக் குறைக்காமல். இவ்வாறு கணக்கு இருக்க, மருத்துவமனை வாயில்களிலும் கோயில் மதிலோரங்களிலும் நம் ஊர்களில் எழுப்பப்படும் வேகத்தடைகள், நோக்கம் நல்லதாயினும், 20 மில்லிமீட்டர் ஒட்டைப் போல் பல மடங்கு உயரமுள்ள மேட்டைத் தாமே கொண்டுவந்து நொய்ந்த சுவரின் அருகில் வைக்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். நடப்பவரின் பாதுகாப்புக்காக வேகத்தைக் குறைக்கவேண்டிய இடத்தில், சாலையைக் குறுக்கியோ வளைத்தோ குறைக்கும் வழிகள் இருக்கின்றன. பாதாளச் சாக்கடை மூடிகளும் வேகத்தடைகளைப் போன்றவையே: பழைய தார்த்தளத்தை மில்லிங் செய்து அகற்றாமல் அதன்மேலேயே புதுத்தளம் போடப்படும் ஒவ்வொரு முறையும் மூடி சாலை மட்டத்துக்குக் கீழே ஓர் அங்குலம் இறங்குகிறது, அதன்மேல் ஏறியிறங்கும் ஒவ்வொரு பேருந்தும் தரையை ஓங்கித் தட்டிச் செல்கிறது.

தட்டப்பட்ட தரையிலிருந்து மூவகை அலைகள் கிளம்புகின்றன. மண்ணை முன்னும் பின்னும் நெருக்கித் தளர்த்திச் செல்லும் நெட்டலையும், பக்கவாட்டில் அறுத்தாற்போல் அசைத்துச் செல்லும் குறுக்கலையும் நிலத்தின் ஆழத்துக்குள் எல்லாத் திசையிலும் விரிகின்றன. ரேலி பிரபு 1885இல் கணித வழியில் கண்டுகாட்டிய மூன்றாவது அலை மேற்பரப்பை ஒட்டியே ஊர்கிறது. சீரான மண்ணின்மேல் வட்டமான அடித்தளம் ஒன்று செங்குத்தாக அதிரும்போது வெளிப்படும் ஆற்றலில் 67 விழுக்காடு ரேலி அலையாகவும், 26 விழுக்காடு குறுக்கலையாகவும், வெறும் 7 விழுக்காடு நெட்டலையாகவும் செல்கிறது என்று மில்லர், பர்சி இருவரும் 1955இல் கணக்கிட்டனர். மேற்பரப்பில் பரவுவதால் ரேலி அலை மெதுவாகவே வலுவிழக்கிறது: தொலைவு நான்கு மடங்கானால்தான், மண்ணின் உராய்வால் கழிவதைத் தவிர்த்துப் பார்த்தால், அதன் வீச்சு பாதியாகும். கட்டடங்கள் நிற்பதும் மேற்பரப்பில்தான் என்பதால், சாலையதிர்வு என்பது பெரும்பாலும் ரேலி அலையின் சிக்கலே.

மண் எத்தகையது என்பது இதில் பெரும்பங்கு வகிக்கிறது. ஆற்றுவண்டலிலும் கரிமச் சேற்றிலும் எழும் அதிர்வு, சுண்ணப்பாறைமேல் எழுவதைப் போல் பல பத்து மடங்கு இருக்கக்கூடும். இதன் உச்சநிலையை ஸ்வீடன் கண்டது. கோத்தன்பர்க் நகருக்குத் தெற்கே லெட்ஸ்கோர்ட் என்னும் இடத்தில், மேற்குக் கரை ரயில்பாதை மிக மென்மையான கரிமக் களிமண் படுகையின்மேல் செல்கிறது. அந்த மண்ணில் குறுக்கலையின் வேகம் வினாடிக்குச் சில பத்து மீட்டர்களே. எக்ஸ் 2000 வகை அதிவேக ரயில்கள் 1990களின் இறுதியில் அங்கே மணிக்கு 200 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 55 மீட்டருக்கு மேல், ஓடத் தொடங்கியபோது, ரயில் தான் எழுப்பிய அலையையே எட்டிப் பிடித்துவிட்டது. விலகிச் செல்ல இயலாத அலைகள் ஒன்றன்மேல் ஒன்று குவிய, பாதை மட்டுமன்றி அதன் கரையும் அருகிலிருந்த நிலமும் மில்லிமீட்டர் கணக்கில் ஆடின. வேகத்தை உடனே குறைத்த நிர்வாகம், பின்னர் களிமண்ணுக்குள் சுண்ணமும் சிமெண்டும் கலந்த தூண்களை வரிசையாக இறக்கி மண்ணையே விறைப்பாக்கியது. மண்ணில் கைவைத்து வென்ற எடுத்துக்காட்டு இது. ஆனால் அங்கேயும் கைவைத்தது அலை செல்லும் வழியில் அன்று, சக்கரத்துக்கு நேர்கீழே.

வழியில் கைவைப்பதென்றால் அது பெரும்பாலும் அகழியாக இருக்கும். சாலைக்கும் கட்டடத்துக்கும் இடையே ஒரு பள்ளம் வெட்டினால் மேற்பரப்பை ஒட்டி வரும் அலை அதைத் தாண்ட முடியாது என்பது, வரைபடத்தில் பார்க்கும் எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் வுட்ஸ் இதைக் களத்தில் சோதித்து 1968இல் வெளியிட்ட முடிவுகள், அந்த எண்ணத்தை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலையைக் குறித்தன. அதிர்வை நான்கில் ஒரு பங்காகக் குறைக்கவேண்டுமானால், அதிர்வு கிளம்பும் இடத்தைச் சுற்றி வெட்டும் அகழி ரேலி அலைநீளத்தில் 0.6 பங்கு ஆழமாவது இருக்கவேண்டும். காக்கவேண்டிய கட்டடத்தின் அருகில் வெட்டும் அகழியோ அலைநீளத்தைப் போல் 1.33 மடங்கு ஆழம் வேண்டும். அலைநீளம் என்பது அலையின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைப்பது. நடுத்தர மண்ணில் ரேலி அலை வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் செல்வதாகவும், லாரியின் அச்சுத்துள்ளல் 12 ஹெர்ட்ஸ் என்றும் கொண்டால், அலைநீளம் 12.5 மீட்டர். சாலையோரத்தில் வெட்டும் அகழி 7.5 மீட்டரும், கட்டடத்தோரத்தில் வெட்டுவது 16 மீட்டருக்கு மேலும் ஆழ்ந்திருக்கவேண்டும். நகரத்துக்குள், குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் நிலத்தடி நீரும் உள்ள மண்ணில், பழங்கோயிலின் மதிலோரம் 16 மீட்டர் பள்ளம் வெட்டுவது, அதிர்வைவிட விரைவாக அக்கோயிலைச் சாய்த்துவிடும்.

பள்ளத்தை அப்படியே திறந்து வைக்கவும் இயலாது. கரை சரியும், நீர் நிறையும். கான்கிரீட்டால் நிரப்பினால் அலையின் ஒரு பகுதி அதன் ஊடே கடந்துவிடுகிறது. மென்மையான நிரப்பிகளைத் தேடிய ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர்கள், காற்றடைத்த நெகிழ்பைகளைச் சிமெண்டும் பெண்டனைட் களிமண்ணும் கலந்த குழம்புக்குள் இறக்கி, திறந்த பள்ளத்துக்கு ஒப்பான தடுப்பை உருவாக்கினர். அது வேலை செய்கிறது. தண்டவாளத்தின் நெளிவிலிருந்து எழும் 50 ஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண்களுக்கு அலைநீளம் அதே மண்ணில் 3 மீட்டராகச் சுருங்கிவிடுவதால், 2 மீட்டர் அகழிகூடப் பாதையோரத்தில் பயன் தரும். ஆக, அகழி பயனற்றது என்பதன்று. லாரிக்கும் பேருந்துக்கும் அது பொருந்துவதில்லை, அவற்றுக்காகத்தான் அது பெரும்பாலும் கேட்கப்படுகிறது.

தண்டவாளத்தில் நிலைமை மாறுகிறது. அங்கே சக்கரம் எங்கே ஓடும் என்பது முன்கூட்டியே தெரிந்ததாகையால், அதற்கு நேர்கீழே ஒரு நெகிழ்வான அடுக்கை வைத்துவிட முடிகிறது. இத்தகைய தடுப்புகளில் மிக வலியது மிதக்கும் பலகம். தண்டவாளம் பதித்த கான்கிரீட் பலகம் சுரங்கத்தின் தரையைத் தொடாமல் ரப்பர் தாங்கிகளின்மேலோ எஃகுச் சுருள்வில்களின்மேலோ அமர்த்தப்படுகிறது. பலகத்தின் எடையும் வில்லின் நெகிழ்வும் சேர்ந்து அதற்கோர் இயல்பு அதிர்வெண்ணைத் தருகின்றன. அதைப் போல் 1.41 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வெண்கள்தாம் தடுக்கப்படுகின்றன, அதற்குக் கீழே எந்தப் பயனும் இல்லை, இயல்பு அதிர்வெண்ணின் அருகிலோ அதிர்வு முன்னைவிடக் கூடுதலாகவே கடக்கிறது. பலகம் தன் எடையால் தாங்கியை 4 மில்லிமீட்டர் அமுக்கினால் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸ். அதைப் பாதியாக்க வேண்டுமானால் அமுக்கம் 16 மில்லிமீட்டராக, நான்கு மடங்காக, வேண்டும். மேலும் மேலும் மென்மையாக்கிக்கொண்டே போனால் ரயில் செல்லும்போது தண்டவாளம் அளவுக்குமேல் வளைகிறது. ஆகவே எந்த அதிர்வெண் தொல்லை தருகிறது என்பதை அளந்து அறியாமல் விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கும் ரப்பர்விரிப்பு, தொல்லையைக் கூட்டவும் செய்யும். லண்டனில் 2022இல் திறக்கப்பட்ட எலிசபெத் பாதை முழுவதிலும் இத்தகைய பலகம் போடப்படவில்லை. பார்பிகன் கலைமையத்தின் அருகிலும், ஒலிப்பதிவுக் கூடங்கள் நிறைந்த சோஹோ பகுதியின் கீழும் தேர்ந்தெடுத்துப் போடப்பட்டது.

முன்கூட்டியே செய்யாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஜெர்மனியின் கொலோன் நகரம் சான்று. அந்நகரின் வடக்கு–தெற்கு நகர ரயில்பாதையின் ஒரு பகுதி, 1248இல் தொடங்கி 1880இல் கட்டிமுடிக்கப்பட்ட புகழ்பெற்ற பேராலயத்தை ஒட்டிச் செல்லும் சுரங்கத்தில் 2012 டிசம்பரில் ஓட்டத்துக்கு வந்தது. சில வாரங்களுக்குள், ரயில் கடக்கும்போதெல்லாம் ஆலயத்துக்குள் மெல்லிய அதிர்வும் முழக்கமும் உணரப்படுவதாகச் செய்தி எழுந்தது. ஆறு நூற்றாண்டுக் கட்டுமானத்தை அது அசைத்துவிடும் என்று எவரும் கணக்கிடவில்லை. வழிபாட்டின் அமைதியில் ரயிலின் முழக்கம் கேட்பதே குறை. முதலில் வேகம் குறைக்கப்பட்டது. பிறகு தண்டவாளத்தின் பிடிப்பில் நெகிழ்வைக் கூட்டும் வேலை மேற்கொள்ளப்பட்டது. இதில் உள்ள விந்தை, தண்டவாளத்துக்கும் அதன் அடித்தளத்துக்கும் இடையே ரப்பரை வைத்து முட்டைவடிவில் வார்க்கப்பட்ட, உலகெங்கும் நகர ரயில்களில் இன்று பயன்படும் பிடிப்பு 1970களில் உருவானதே கொலோனில்தான், அதன் பெயரே கொலோன் முட்டை. அதே ரயில்பாதையின் கட்டுமானத்தின்போது 2009 மார்ச் 3ஆம் நாள் நகர ஆவணக்காப்பகம் இடிந்து விழுந்து இருவர் உயிரிழந்ததை அதிர்வின் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அது அதிர்வின் விளைவன்று. தோண்டிய குழியை நோக்கி நீரும் மண்ணும் நகர்ந்து அடித்தளம் வெறுமையானதன் விளைவு. கொல்கத்தாவின் பௌபஜாரில் 2019 ஆகஸ்ட் இறுதியில் மெட்ரோ சுரங்கப்பணியின்போது வீடுகள் சரிந்ததும் அவ்வாறே. மண் நகர்வதும் மண் அதிர்வதும் வேறுவேறு நோய்கள். ஒன்றின் அச்சத்தால் மற்றொன்றுக்கு மருந்து கேட்பது வழக்குமன்றங்களில் அடிக்கடி நிகழ்கிறது.

பாதையில் செய்யத் தவறியவற்றைக் கட்டடத்தில் செய்யலாம், புதுக் கட்டடமாக இருந்தால். லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் பார்க் நிலத்தடி ரயில்நிலையத்துக்கு நேர்மேலே 1960களின் நடுவில் எழுந்த ஆல்பனி கோர்ட் என்னும் அடுக்குமாடி, இயற்கை ரப்பரும் எஃகுத் தகடும் அடுக்கிய தாங்கிகளின்மேல் முழுவதுமாக நிறுத்தப்பட்டது. அந்த நுட்பத்தின் பின்னணியில் இருந்தது, இங்கிலாந்தில் இயங்கிய, ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வுக்கழகம் ஒன்று. மான்செஸ்டரின் பிரிட்ஜ்வாட்டர் அரங்கு 1996இல் திறக்கப்பட்டபோது, அருகே ஓடும் டிராமின் முழக்கம் இசைக்குள் நுழையாதபடி, அரங்கின் முழு எடையும் நூற்றுக்கணக்கான எஃகுச் சுருள்வில்களின்மேல் நின்றது. இதற்கு எதிரான காட்சி மீண்டும் கொலோனிலேயே இருக்கிறது. அங்கே 1986இல் திறக்கப்பட்ட பில்ஹார்மோனி இசையரங்கின் கூரையே மேலுள்ள ஹைன்ரிஷ் போல் சதுக்கத்தின் தரை. இரண்டுக்கும் இடையே போதிய தடுப்பு இல்லாததால், சதுக்கத்தில் இழுத்துச் செல்லப்படும் பெட்டியின் உருளையோசை கீழே வயலின் இசையோடு கலந்து கேட்கிறது. கச்சேரி நடக்கும்போதெல்லாம் காவலர்கள் நின்று மக்களைச் சுற்றிப் போகச் சொல்வதே அங்குக் கைக்கொள்ளப்படும் தீர்வு. கட்டும்போது ஒருமுறை செலவிட்டுச் செய்திருக்கவேண்டியதை நாள்தோறும் கூலி கொடுத்துச் செய்கிறது அந்நகரம்.

ஆய்வுக்கூடங்களின் நிலை இதனினும் நுட்பமானது. அமெரிக்காவின் லிவிங்ஸ்டனில் உள்ள லைகோ ஈர்ப்பலை ஆய்வகம், சுற்றியுள்ள காட்டில் மரம் வெட்டுவோரின் இயந்திரங்களாலும் அருகே செல்லும் சரக்கு ரயில்களாலும் பகலில் தன் கருவியை நிலைநிறுத்த இயலாமல் தவித்தது; 2004இல் ஹைட்ராலிக் விசையால் இயங்கி, தரையின் ஆட்டத்தை அளந்து அதற்கு எதிர்த்திசையில் கருவியின் தாங்கியை நகர்த்தும் அமைப்பை நிறுவிய பிறகே பகல்வேளையிலும் பணி நடந்தது. சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தின் அடியில் இலகு ரயில் சுரங்கம் செல்லத் திட்டமிடப்பட்டபோது, பல்கலைக்கழகமும் ரயில் நிறுவனமும் 2007இல் செய்துகொண்ட உடன்படிக்கை, கட்டடம்வாரியாக மீறக்கூடாத அதிர்வு வரம்புகளை வகுத்தது. மிதக்கும் பலகத்தோடு, ரயில்கள் ஓடத் தொடங்கிய பின்பும் அதிர்வைத் தொடர்ந்து கண்காணிப்பதும் அந்த ஏற்பாட்டில் அடங்கியது. பின்னையதே பெரிது. ரயில் பிரேக் போடும்போது அதன் சக்கரம் ஓரிடத்தில் தேய்ந்து தட்டைப்பட்டுவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தை அறைகிறது. அதைக் கடைந்து மீண்டும் வட்டமாக்கும் பட்டறை இல்லாத இடத்தில் எந்தப் பலகமும் நெடுநாள் காக்காது.

பழங்கட்டடத்தை வில்லின்மேல் தூக்கி நிறுத்துவது அரிதாகையால், அதற்காகப் பாதையைத்தான் மாற்றவேண்டும். ரோமில் டைபர் ஆற்றங்கரையில் இருக்கும் ஃபர்னேசினா மாளிகையில் இது நடந்தது. வங்கியாளர் அகோஸ்தினோ கீஜிக்காகப் பல்தஸ்ஸாரே பெருஸ்ஸி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய அம்மாளிகையின் சுவர்களில் ரஃபேலின் ஓவியங்கள் இருக்கின்றன. ஆற்றின் 1870 வெள்ளத்துக்குப் பிறகு கட்டப்பட்ட கரைச்சுவரும் அதன்மேல் சென்ற சாலையும் மாளிகைத் தோட்டத்தின் ஒரு பகுதியை விழுங்கின. இருபதாம் நூற்றாண்டில் அச்சாலை நகரின் முதன்மைப் போக்குவரத்துத் தடங்களில் ஒன்றாயிற்று. ஓவியப் பூச்சைக் காக்க அங்கே தெரிவுசெய்யப்பட்ட வழி அகழியன்று. சாலையின் தளத்தையே ரப்பரின்மேல் அமர்த்தி, ரயில்வே மிதக்கும் பலகத்தின் கருத்தைச் சாலைக்குக் கொண்டுவந்ததே அவ்வழி. கொலோசியத்தின் அருகில் நகர நிர்வாகம் வேறு வழியை எடுத்தது: முசோலினி 1932இல் திறந்துவைத்த அகன்ற வீதியில் 2013 ஆகஸ்ட் முதல் தனியார் கார்களுக்குத் தடை வந்தது. அந்த மாபெரும் அரங்கின் தென்பாதி பழைய வண்டல்மேலும் வடபாதி உறுதியான படிவுகளின்மேலும் நிற்பது, ஒரே சாலையின் அதிர்வு அதன் இரு பக்கமும் ஒன்றுபோல் இராது என்பதற்குப் போதிய காரணம்.

இத்தகைய கட்டடங்களில் விரிசலை அளக்கும்போது ஒரு பொறுமை வேண்டும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டௌடிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் வீடுகளின் விரிசல்களில் உணரிகளைப் பொருத்தி நெடுநாள் கவனித்ததில், அருகே வெடிவைத்ததால் எழுந்த அதிர்வால் விரிசல் திறந்து மூடியதைவிட, வெயிலாலும் ஈரத்தாலும் அது திறந்து மூடியது பன்மடங்கு மிகுதி என்று கண்டனர். ஆகவே, ஒரு வாரம் அளந்துவிட்டுப் பேருந்தைக் குற்றவாளியாக்குவதும், அதே ஒரு வாரத்தைக் கொண்டு பேருந்தை விடுவிப்பதும் ஒன்றுபோல் பிழை. கோடையும் மழையும் உள்ளடங்கிய ஓராண்டு அளவீடு இருந்தால்தான் வெயிலின் பங்கைக் கழித்து வாகனத்தின் பங்கைக் காண முடியும்.

இந்தியாவில் தொல்சின்னங்களைக் காக்கும் சட்டம், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்த பகுதியாகவும் அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்திய பகுதியாகவும் வகுத்துள்ளது. அச்சட்டம் பார்ப்பது கட்டுமானத்தை. ஓடும் வாகனமும் அது ஓடும் சாலையின் மேடுபள்ளமும் அதன் பார்வைக்குள் வருவதில்லை. தொலைவை அளவுகோலாகக் கொண்டதும் அதிர்வைப் பொறுத்தவரை பொருந்தாது: பாறைமேல் 10 மீட்டர் தொலைவிலுள்ள சமமான சாலை தீங்கற்றது, வண்டல்மேல் 60 மீட்டர் தொலைவிலுள்ள உடைந்த சாலை தொல்லை தரும். சின்னத்தின் அருகே செல்லும் சாலைக்கான ஒப்பந்தத்தில், தளம் போட்ட அன்று மட்டுமன்றி ஒப்பந்தக் காலம் முழுவதும், 3 மீட்டர் நேர்கோலை வைத்துப் பார்க்கையில் எத்தனை மில்லிமீட்டருக்குமேல் பள்ளம் இருக்கக் கூடாது என்றும், பாதாளச் சாக்கடை மூடிகள் சக்கரத்தடத்துக்கு வெளியே அமையவேண்டும் என்றும், குழாய்ப்பணிக்காகத் தோண்டிய இடத்தை எத்தனை நாளுக்குள் மட்டத்துக்குக் கொண்டுவரவேண்டும் என்றும் மூன்று விதிகளைச் சேர்க்கப் புதிய சட்டம் ஏதும் தேவையில்லை. சாலைத்துறையின் செயற்பொறியாளர் ஒருவரின் அதிகாரத்துக்குள்ளேயே அது அடங்கும்.